அந்தியேட்டிக்கு ஒரு நல்ல கல்வெட்டு: 31 நாளில் எழுதி அச்சிட முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வீட்டின் பெரியவர் கண்மூடினால், அந்தியேட்டி (31ஆம் நாள் கிரியை) மதிய போசனத்துக்கு வருபவர் கையில் ஒரு கல்வெட்டு (காலமானவரின் நினைவுப் புத்தகம்) கொடுப்பது வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று அடித்தவை. பெயரும் படமும் மாறும், மற்றதெல்லாம் அதே "கடமையே கண்ணாயிருந்தார்", அதே "குலவிளக்கு". எழுதி முடித்ததும் பெயரையும் படத்தையும் மறைத்து, அயலவர் ஒருவரிடம் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கக் கொடுங்கள். "இது ஆரெண்டு தெரியேல்லையே" என்று அவர் சொன்னால் இன்னும் வேலை இருக்கிறது.

கீழே உள்ளது வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்து முடித்த ஒருவருக்கான கல்வெட்டைப் பற்றியது. சைவ முறைப்படி எழுதப்பட்டிருக்கிறது. கத்தோலிக்க வீடுகளில் 31ஆம் நாள் திருப்பலிக்கு நினைவு மலர் அடிப்பவர்கள் திதி வெண்பாவையும் (இறந்த திதியைச் சொல்லும் பாட்டு) திருமுறையையும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே பின்பற்றலாம்.

நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

31ஆம் நாள் காலை கிரியைக்காகக் கீரிமலைக்குப் போகும்போது புத்தகம் வீட்டில் இருக்க வேண்டும். ஆகவே 29ஆம் நாள் அச்சகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அச்சடித்து, மடித்து, பின் அடிக்க ஐந்தாறு நாள் விட்டால் 23ஆம் நாள் இறுதி ஒப்புதல். பிழைதிருத்தத்துக்கு நான்கு நாள். எனவே 18ஆம் நாளுக்குள் தட்டச்சு முடிய வேண்டும், எழுத்து வேலை 10க்கும் 17க்கும் இடையில். அதற்கு முந்திய நாட்கள் தகவல் சேர்க்க.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் எட்டுச்செலவு (எட்டாம் நாள் சடங்கு) முடிந்த கையோடு திரும்பிவிடுவார்கள். எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கும் நாட்கள் அதற்கு முந்தியவைதான். பெயர்கள், பிறந்த திகதிகள், பழைய படங்கள் ஆகிய மூன்றையும் எட்டுக்கு முன் வாங்கி விடுங்கள். பிறகு வட்ஸ்அப்பில் துரத்தினால் ரொறன்ரோவில் விடியும்போது இங்கே இருளும், ஒரு பெயரின் எழுத்தைக் கேட்டு அறியவே இரண்டு நாள் போய்விடும்.

பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். மூத்த மகன்தான் என்றில்லை. எழுதத் தெரிந்த மருமகளோ பெறாமகனோ செய்யலாம். கருத்து யாரும் சொல்லலாம், ஆனால் அச்சகத்துக்குப் போகும் திருத்தம் ஒரே கையால் போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் போன் எடுத்துத் திருத்தம் சொன்ன கல்வெட்டில், முதலாமவர் திருத்தியதை இரண்டாமவர் பழையபடி மாற்றியிருப்பார்.

நேரம் போதாது என்று தெரிந்தால் அந்தியேட்டிக்குப் படம், திதி வெண்பா, திருமுறை, நன்றி நவிலல் மட்டும் கொண்ட எட்டுப் பக்கப் புத்தகம் ஒன்றை அடித்து, முழு நினைவு மலரை ஆண்டுத் திதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பிழையாக அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கடதாசிகள்

தேட வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம், நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், ஓய்வுபெறும்போது வந்த கடிதம், அடையாள அட்டை, இருந்தால் சாதகக் குறிப்பு. எதையும் அசலாக அச்சகத்துக்கோ படம் திருத்தும் ஸ்ரூடியோவுக்கோ கொடுக்காதீர்கள். அவர் அரசாங்க பென்ஷன்காரராக இருந்தால் மனைவியின் ஓய்வூதியத்துக்காகப் பிரதேச செயலகத்துக்கு அலையப் போவதும் இதே நாட்களில்தான். விவாகப் பதிவும் மரணச் சான்றிதழும் அங்கே தேவைப்படும்.

பிறந்த திகதி பல வீடுகளில் மூன்றுவிதமாக இருக்கும். சாதகத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்னது ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. மாசி மாதத்துக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கு. 42075 என்று தொடங்கினால் 1942 மார்ச் 15. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். இதை வைத்து ஒத்துப்பாருங்கள். முரண்பட்டால் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். அது இல்லாவிட்டால் சாதகம். இரண்டும் இல்லையென்றால் ஆண்டை மட்டும் போடுங்கள்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கடதாசிப் பெட்டியை விட்டுவிட்டுப் போன வீடுகளும், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு வெளியேறிய வீடுகளும் ஏராளம். அப்படியானால் வெளியே தேட வேண்டும். படித்த, படிப்பித்த பாடசாலைகளின் நூற்றாண்டு மலர்கள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், ஏற்கெனவே காலமான சகோதரர்களின் கல்வெட்டுகள் ஆகியவற்றில் நம்பக்கூடிய திகதிகள் கிடைக்கும். 2005இலிருந்து இயங்கும் "நூலகம்" என்ற பெயருடைய எண்ணிம நூலகத்தில் இவற்றுள் பல இணையத்திலேயே வாசிக்கக் கிடைக்கின்றன. ஊர்ப்பெயரையும் பாடசாலைப் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

மனைவியிடம் கேட்பது

அறுபது வருடம் கூட வாழ்ந்தவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. அதற்காகச் செத்தவீட்டு வாரத்தில் கொப்பியும் பேனையுமாக முன்னால் போய் இருக்கக்கூடாது. எட்டு முடியட்டும். ஆட்கள் வந்துபோவது குறைந்த ஒரு பின்னேரம், அவருக்குப் பிடித்த மகளோ பேத்தியோ பழைய அல்பத்தை மடியில் வைத்துப் புரட்டினால் போதும். "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் அழுகை வரும், இல்லையென்றால் "அவர் நல்ல மனிசன்" என்ற ஒரு வரி வரும். "இந்தப் படம் எடுக்கேக்க எந்த வீட்டில இருந்தனீங்கள்?" என்று கேட்டால் வீடு வரும், அடுத்த வீட்டார் வருவர், சம்பளம் எவ்வளவு என்பதும் வரும்.

ஆண்டு நினைவில் இருக்காது. ஊருக்குத் தெரிந்த சம்பவங்களை வைத்துக் கேளுங்கள். 1964 மார்கழிச் சூறாவளிக்கு முன்னா பின்னா? தமிழாராய்ச்சி மாநாடு நடந்த நேரம் (1974 தை) எங்கே வேலை? யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது (1981) மூத்தவனுக்கு எத்தனை வயது? இந்திய ஆமி வந்தபோது (1987) வீட்டில் யார் யார் இருந்தார்கள்? 2002இல் ஏ9 பாதை திறந்ததும் முதலில் எங்கே போனார்கள்? இப்படி இரண்டு பக்கமும் முளை அடித்தால் ஆண்டு தானாக நடுவில் வந்து நிற்கும். கைபேசியில் ஒலிப்பதிவு செய்வதானால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

வாழ்க்கை வரலாறு

முழுப் புத்தகத்தின் உயிர் இந்த ஆறு பக்கம்தான், குறைத்தால் நான்கு. 900 முதல் 1200 சொற்கள் போதும். பெற்றோர், பிறந்த இடம், உடன்பிறந்தோர் என்பதை ஒரு பந்தியில் முடித்துவிடுங்கள். கட்டாயம் வேண்டும், ஆனால் யாரும் அங்கே தங்கி வாசிப்பதில்லை. பலர் இதற்கே இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டு முப்பத்தைந்து வருட வேலையை "பல இடங்களிலும் கடமையாற்றினார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

வேலையை இடம், ஆண்டு, பதவி, அங்கே கையால் என்ன செய்தார் என்ற நான்கோடு எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு தபாலதிபர். "தமது பணியைச் செவ்வனே ஆற்றினார்" என்பது எந்தத் தபாலதிபருக்கும் பொருந்தும். "பிள்ளைகள் அனுப்பும் மணியோடருக்குக் காத்திருக்கும் கிழவிகளின் படிவத்தைத் தாமே நிரப்பி, கைநாட்டு வைக்க மைத்தட்டைத் தம் மேசையிலேயே வைத்திருந்தார்" என்பது ஒருவருக்கே பொருந்தும். இப்படி இரண்டு மூன்று போதும். இவற்றை அவரோடு வேலை செய்து இன்றும் இருக்கும் ஒருவரிடம்தான் வாங்கலாம். செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பழைய கந்தோர்க்காரர் யார் என்று அன்றே குறித்து வையுங்கள்.

ஓய்வு பெற்ற திகதி எல்லாருக்கும் நேராக வராது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் நின்றது. அங்கெல்லாம் வேலை பார்த்தவர் ஒரு நாள் மாலையோடு விடைபெற்றவர் அல்லர். வேலைத்தலம் இல்லாமற்போய், இடம்பெயர்ந்து, தோட்டம் செய்தோ கடை வைத்தோ பிள்ளைகளைப் படிப்பித்தவர். அதை மூடி மறைத்து "சேவையிலிருந்து ஓய்வு பெற்றார்" என்று எழுதினால் அந்த மனிதரின் பெரிய சாதனையே காணாமற்போகும்.

அதன்பின் ஓய்வுக்காலம். 60இல் ஓய்வு பெற்று 85 வரை இருந்தவர் 25 வருடம் வாழ்ந்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் கண்டது அந்த மனிதரைத்தான். கல்வெட்டுகளிலோ அது "ஆலயத் தொண்டில் ஈடுபட்டார்" என்ற ஒரு வரி. காலையில் எத்தனை மணிக்கு எழும்பினார், கிணற்றடியில் என்ன நட்டார், சனசமூக நிலையத்தில் எந்தப் பேப்பரை முதலில் எடுத்தார், சைக்கிளை யார் தொட்டால் ஏசுவார், சாய்மனைக் கதிரையை வெய்யிலுக்கு ஏற்றபடி எங்கெங்கே இழுத்துப் போடுவார் என்பதை ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். குணமும் குறையும் சேர்ந்தே வரட்டும். முன்கோபக்காரரைப் "பொறுமையின் சிகரம்" என்று எழுதினால் சாப்பாட்டுப் பந்தியில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

கடைசி நோயைப் பற்றி இரண்டு வரி போதும். ஆஸ்பத்திரிப் பெயர், சிகிச்சைக் குறை நிறை எதுவும் வேண்டாம்.

திதி வெண்பா

ஆண்டுத் திவசத்துக்கு ஆதாரம் திதி. அதனால்தான் அது வெண்பாவாகக் கல்வெட்டில் ஏறுகிறது. அதற்கு முதலில் வேண்டியது உயிர் பிரிந்த நேரம். திதி நள்ளிரவில்தான் மாறும் என்றில்லை, பகலிலோ இரவிலோ எந்த நேரத்திலும் மாறும். எனவே நிமிடம் வரை குறித்துக்கொண்டு ஐயரிடம் போங்கள். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரம் வேறுபடும். உங்கள் குடும்பம் எதைப் பின்பற்றுகிறது என்று முன்னைய திவசங்களை வைத்துச் சொல்லுங்கள். வெளிநாட்டில் காலமானவருக்கு அங்குள்ள நேரம், இலங்கை நேரம் இரண்டையும் கொடுங்கள். தீர்மானம் ஐயருடையது.

வெண்பாவில் ஆண்டு, மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, ஊர், பெயர், சிவனடி சேர்ந்தமை ஆகிய ஏழும் வரவேண்டும். பாட்டு எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே சரி. வாங்கிய பின் நீங்கள் சரிபார்க்கக்கூடியவை சில உண்டு. மொத்தம் 15 சீர் (4, 4, 4, 3). ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக இருக்கும். கனிச்சீர் (நிரையசையில் முடியும் மூவசைச்சீர்) வரக்கூடாது. 2025 சித்திரையிலிருந்து ஓடிய ஆண்டின் பெயரையே எடுங்கள். "விசுவாவசு" என்று ஒரே சீராக வைத்தால் அது புளிமாங்கனி, வெண்பாவுக்கு ஆகாது. "விசுவா வசுவாண்டில் வைகாசித் திங்கள்" என்று பிரித்தால் தளை தட்டாமல் முதலடி நிற்கும். தட்டச்சு செய்பவர் இடம் மிச்சம் பிடிக்கச் சீர்களை ஒட்டிவிடுவதும், இரண்டாம் அடியின் தனிச்சொல்லைக் கீழே தள்ளிவிடுவதும் அடிக்கடி நடக்கும். இந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுதியவரிடமே காட்டிக் கையொப்பம் வாங்குங்கள்.

திருமுறை

தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் என்ற பஞ்சபுராணமும், பின் திருப்புகழும் வாழ்த்தும் போதும். சிவபுராணம் 95 அடி. வீட்டுக்கிருத்தியத்தில் (வீட்டில் நடக்கும் கிரியை) எல்லாரும் சேர்ந்து ஓதுவதானால் போடுங்கள், மூன்று பக்கம் பிடிக்கும். இணையத்தில் எடுத்து ஒட்டினால் ஒருமுறை அச்சு நூலோடு ஒப்பிடுங்கள். "வாஅழ்க" என்ற அளபெடையைப் பிழை என்று நினைத்து "வாழ்க" என்று திருத்திவிடும் தட்டச்சாளர்கள் இருக்கிறார்கள். எழுத்து 13 புள்ளிக்குக் குறையக்கூடாது. ஓதப்போவது வயதானவர்கள், அதுவும் இருந்த இடத்திலிருந்து.

புலம்பலும் பேரப்பிள்ளைகளும்

மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் புலம்பற் பாடல் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. மரபுதான், தேவையென்றால் போடலாம். ஆனால் மனைவி புலம்பல் என்று அச்சாவதை அவருக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டுங்கள். பூவும் பொட்டும் இழந்தேன் என்று அவர் வாயில் யாரோ வைக்கும் வரிகளைப் பல தாய்மார் இன்று விரும்புவதில்லை. விரும்பாவிட்டால் எடுத்துவிட்டு, அவர் அந்த அல்பம் பார்த்த பின்னேரம் சொன்ன நாலு வரியை அவருடைய பேச்சிலேயே போடுங்கள்.

தமிழ் எழுதத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக ஒரு மாமா "எங்கள் அன்புத் தெய்வமே" என்று எழுதக்கூடாது. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டு ஒரு நிமிட ஒலிப்பதிவு வாங்குங்கள்: "அம்மப்பா உனக்கு என்ன செய்யக் காட்டித் தந்தவர்?" அப்பப்பா என்றால் அப்பப்பா. பட்டம் கட்ட, நுங்கு குடிக்க, சைக்கிள் செயின் மாட்ட என்று பதில் வரும். எழுத்தாக்கும்போது மெருகூட்ட வேண்டாம், ஆளுக்கு 60 சொல் போதும். குழந்தை பிழையாகச் சொன்ன தமிழைத் திருத்தாமல் விடுவதே நல்லது.

வம்சாவளி

சண்டை வரும் பக்கம் இது. மரவரைபை ஒரு பெரிய தாளில் கையால் வரைந்து, ஒவ்வொரு கிளையையும் அந்தக் கிளையைச் சேர்ந்த ஒருவரிடமே காட்டிச் சரி வாங்குங்கள். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண இவைதான் பிழைக்கும் இடங்கள். பெயரை அந்தந்த ஆளே எப்படி எழுதுகிறாரோ அப்படியே போடுங்கள், எண்சோதிடத்துக்காக மாற்றியிருந்தாலும் சரி. காலமானவர்களுக்கு "அமரர்" சேர்க்கும்போது கவனம். போரில் காணாமற்போன ஒருவர் குடும்பத்தில் இருந்தால், அவருடைய தாயோ மனைவியோ சம்மதிக்காமல் அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டாம். பிரிந்து வாழ்பவர், மறுமணம் செய்தவர், பேச்சுவார்த்தை இல்லாதவர் எல்லாரும் மரத்தில் இருப்பார்கள். பிள்ளை பிள்ளைதான், விடுபட்டால் அது தலைமுறைக்கும் நிற்கும். முகவரி, தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் எதுவும் வேண்டாம்.

படங்கள்

அச்சுக்கு 300 டிபிஐ என்பது கணக்கு. 10 சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஏறத்தாழ 1180 புள்ளிகள் வேண்டும். இரண்டரை சென்ரிமீற்றர் அகலப் பழைய முத்திரைப் படத்தை அந்த அளவுக்குப் பெருப்பிக்க 1200 டிபிஐயில் ஸ்கான் செய்ய வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியுமென்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கள். பசை அல்பத்தில் ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம், மேற்பூச்சு கிழிந்து வரும். பிளாஸ்ரிக் தாளைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். அட்டைப் படத்துக்கு ஸ்ரூடியோவில் கோட்டும் ரையும் மாட்டிவிடுவது இன்னும் ஓயவில்லை. வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக ஊர் கண்ட முகத்தைப் போடுங்கள். உள்ளே எட்டுப் பத்துப் படம் போதும். ஒவ்வொன்றின் கீழும் இடமிருந்து வலமாகப் பெயரும் ஆண்டும்.

பாமினி

யாழ்ப்பாண அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருதான். நீங்கள் கைபேசியில் யூனிகோடில் அடித்துக் கொடுப்பதை அவர்கள் மாற்றுவார்கள். பாமினியில் காற்புள்ளி விசையில் "இ" இருக்கிறது. ஆகவே மாற்றம் பிசகினால் "சுன்னாகம், மருதனார்மடம்" என்பது "சுன்னாகம்இ மருதனார்மடம்" என்று வந்து நிற்கும். ஸ்ரீ, அடைப்புக்குறி, மேற்கோள்குறி ஆகியனவும் தடம் மாறும். எனவே மாற்றுவதற்கு முன் எவ்வளவு திருத்தினாலும், மாற்றிய பின் தாளில் எடுத்து முதலிலிருந்து வாசித்தே ஆக வேண்டும். மூன்று பேர் வாசியுங்கள்: ஒருவர் பெயரும் திகதியும் மட்டும், ஒருவர் திருமுறை மட்டும், எதுவும் தெரியாத மூன்றாமவர் முழுவதும்.

அச்சு

ஏ5 அளவு, நடுப்பின் (நடு மடிப்பில் பின் அடிப்பது). நடுப்பின் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். உள்ளே 32 பக்கம் என்றால் அட்டை வேறு. அட்டைக்கு 250 கிராம் ஆர்ட் போர்ட், உள்ளே 80 கிராம் வெள்ளைத் தாள், நிறப்படங்கள் நடு நான்கு பக்கத்தில் ஆர்ட் தாளில் சேர்ந்தால் செலவு குறையும். அச்சு ஓடுவதற்கு முன் மடித்து வைத்த ஒரு மாதிரிப் பிரதி கேளுங்கள். கணினித் திரையில் பார்த்துச் சம்மதித்துவிட்டு, 14க்கும் 19க்கும் பக்கம் இடம் மாறியிருந்தது என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

எண்ணிக்கை ஆளுக்கு ஒன்றல்ல, வீட்டுக்கு ஒன்று. மதிய போசனத்துக்குச் சொன்ன வீடுகள், வெளிநாட்டு உறவு, அவர் வேலை செய்த இடம், இவற்றைக் கூட்டி ஆறில் ஒரு பங்கு மேலதிகமாக வையுங்கள். மேலே சொன்ன தாளில் ஒரு பிரதி ஏறத்தாழ 55 கிராம் நிறை. 50 பிரதி மூன்று கிலோவுக்குள் அடங்கும், லண்டனுக்குப் போகிறவர் பெட்டியில் அதற்கு இடம் கேட்டு வையுங்கள்.

அச்சான பின் பெயர்ப்பிழை கண்டால் பேனையால் வெட்டித் திருத்த வேண்டாம். சிறு துண்டில் சரியான வரியை அடித்து அந்த இடத்தில் ஒட்டுங்கள். பிடிஎப்பிலும் திருத்திய பின்னரே வெளிநாட்டுக்கு அனுப்புங்கள். மூன்று பிரதியையும் பிடிஎப்பையும் ஊர் நூல்நிலையத்துக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் சேர்ப்பியுங்கள். யூனிகோடில் அடித்த மூலக்கோப்பை அழிக்காதீர்கள். பாமினிப் பிடிஎப்பில் பெயரைப் போட்டுத் தேடினால் எதுவும் அகப்படாது. ஒலிப்பதிவுகள், ஸ்கான் செய்த படங்கள், மூலக்கோப்பு எல்லாவற்றையும் ஒரே கோவையில் போட்டு இரண்டு வீட்டில் வைத்திருங்கள். ஆண்டுத் திதிக்கு மலர் அடிப்பதானால் வேலை அங்கிருந்துதான் தொடங்கும்.